மெகா 12: முந்திரியையும் பிஸ்தாவையும் ஒரே கிளையில் காட்டிய மென்பொருள்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற வீட்டில் பிறந்தவள் நான். அம்மாவின் விரல் நுனிகளில் ரேகை கிடையாது. ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு, தோல் கருத்து உரிந்து, வழவழவென்று ஆகிவிட்டது. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டுதான் உடைக்க உட்காருவாள், அப்படியும் தப்பாது. அந்த வீட்டுப் பேரனுக்கு முந்திரி ஆகாது என்று போன வருஷம் தெரிந்தது.

தங்கை மகனுக்கு 4 வயது. ஒரு பிறந்தநாள் வீட்டில் அரைத் துண்டு காஜூ கத்லி தின்றான். 10 நிமிஷத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்ததால் உடனே எபிநெஃப்ரின் ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். அப்புறம் ஒவ்வாமைச் சோதனைகள் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: முந்திரி கூடாது, பிஸ்தாவும் கூடாது, வேர்க்கடலை சாப்பிடலாம்.

இதைக் கேட்டு அம்மா என்னிடம் கேட்டாள்: "ஏம்மா, நீ செடிகொடியெல்லாம் படிச்சவதானே? பிஸ்தா எங்கியோ ஈரான்ல வெளயிது. மல்லாட்டை நம்ம முந்திரிக் கொல்லைக்குப் பக்கத்து நெலத்துல வெளயிது. பக்கத்துல இருக்கறது ஆவும், தூரத்துல இருக்கறது ஆவாதா? என்னா கணக்கு இது?"

எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். மணிலாக்கொட்டை தேய்ந்து வந்த சொல். நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். வாயில் வந்த பதில், "ரெண்டும் ஒரே குடும்பம்மா" என்பதுதான். முந்திரி, பிஸ்தா, மா, சாரப்பருப்பு, சேராங்கொட்டை எல்லாமே அனகார்டியேசி குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் கொப்பளிக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியும், ஓட்டு எண்ணெய் பட்டாலும் அப்படித்தான் என்பதும் தெரியும். அதனால் அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை. குழந்தையின் உடம்பு தாவரக் குடும்பத்தைப் பார்ப்பதில்லை, பருப்பில் இருக்கிற புரதத்தைப் பார்க்கிறது. தோலைச் சுடும் எண்ணெய் வேறு, பருப்பின் புரதம் வேறு. அந்தப் புரதத்தை எழுதுகிற மரபணுக்களை வரிசையாக வைத்து, யாருக்கு யார் உறவு என்று, கிளை கிளையாகப் பிரியும் ஒரு மரமாக, நானே வரைந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குப் பயன்படுத்திய மென்பொருள்தான் மெகா 12.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எங்களைப் போன்ற கல்லூரிகளில் முதல் கேள்வியே அதுதான். படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனித்தனியாக இறக்கிக்கொள்ளலாம். என்னிடம் இருப்பது பழைய ஐ3 லேப்டாப், 8 ஜிபி நினைவகம். அதில் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே கணக்குப் போடும். அடிக்கடி கரண்ட் போய் வைஃபை அணைந்துவிடும் ஊரில் இது பெரிய வசதி. இணையத்தில் ஓடும் மரம் வரையும் தளங்கள் பல நன்றாகவே இருக்கின்றன, ஆனால் பாதி வழியில் இணைப்பு அறுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மெகா நேற்று வந்த சரக்கு இல்லை. 1993-ல், டாஸ் காலத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுதிர் குமார், கொய்ச்சிரோ தமுரா, மசாதோஷி நெய் மூவரும் வெளியிட்டார்கள். நெய், சைத்தோவோடு சேர்ந்து 1987-ல் எழுதிய 'நெய்பர் ஜாய்னிங்' என்ற மரம் வரையும் முறை இன்றைக்கும் இதில் ஒரு சொடுக்கில் கிடைக்கிறது. நான் எம்.எஸ்சி. படித்தபோது 5-ஆம் பதிப்பு. அப்புறம் 6, 7, எக்ஸ், 11 என்று மாறிக்கொண்டே வந்தது. 12-ஆம் பதிப்பு 2024-ல் வந்தது.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

பருப்பு என்பது செடி தன் குழந்தைக்குக் கட்டிக் கொடுக்கும் சோற்று மூட்டை. முளை வந்து இலை விரியும்வரை அந்தச் சோறுதான். அதிலுள்ள புரதத்தில் பெரும்பங்கு சேமிப்புப் புரதங்கள். நட்ஸ் ஒவ்வாமையில் அடிக்கடி பேசப்படுபவை மூன்று வகை: 7எஸ், 11எஸ், 2எஸ். எஸ் என்பது ஸ்வெட்பெர்க், அதிவேகமாகச் சுழற்றும்போது எவ்வளவு விரைவாகப் படிகிறது என்பதற்கான அலகு. 7எஸ்-க்கு விசிலின், 11எஸ்-க்கு லெகுமின் என்றும் பெயர் உண்டு. ஒவ்வாமைக்காரர்கள் இவற்றுக்குப் பெயர் வைக்கும் முறை அழகானது. பேரினப் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்து, சிற்றினப் பெயரின் முதல் எழுத்து, பிறகு ஓர் எண். அனகார்டியம் ஆக்சிடென்டேல் என்பது முந்திரி, ஆகவே அதன் 7எஸ் புரதம் 'அனா ஓ 1'. 11எஸ் 'அனா ஓ 2', 2எஸ் 'அனா ஓ 3'. பிஸ்தாவின் 7எஸ் 'பிஸ் வி 3', வால்நட்டுடையது 'ஜக் ஆர் 2', மல்லாட்டையுடையது 'அரா எச் 1'.

மரபணு, புரத வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் என்சிபிஐ தரவுத்தளத்தில் இந்தப் பெயர்களைத் தேடி, அமினோ அமில வரிசைகளை இறக்கினேன், ஓர் அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்து. முந்திரி, பிஸ்தா, வால்நட், பெக்கான், ஹேசல்நட், மக்கடாமியா, மல்லாட்டை, சோயா, எள் என்று முதலில் 7எஸ் மட்டும். சிலவற்றுக்கு இரண்டு நகல் கிடைத்ததால் மொத்தம் 14 வரிசை. மெகாவின் வரிசைச் சாளரத்தில் ஒட்டினால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிறத்தோடு கட்டம் கட்டமாக விரிகிறது. முந்திரி 540 சொச்சம் எழுத்து, மல்லாட்டை 626. நீளம் ஒத்துப்போகாது. எந்த எழுத்துக்கு எந்த எழுத்து ஈடு என்று ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும். இதற்குத்தான் அலைன்மென்ட் என்று பெயர். கிளஸ்டல் டபிள்யூ, மசில் என்று இரண்டு வழிகள் உள்ளேயே இருக்கின்றன. நான் மசில் போட்டேன். சில நொடியில் முடிந்தது.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. மெகாவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், ஏனென்றால் வரிசையைக் கண்ணால் பார்த்துக் கையால் திருத்த விடுகிறது. 7எஸ் புரதத்தின் நடுப்பகுதி இரண்டு பீப்பாய் வடிவங்கள் ஒட்டிய மாதிரி மடங்கும். கியூபின் என்ற பெரிய புரதக் குலத்துக்கு அந்தப் பெயர் வந்ததே பீப்பாய் என்னும் லத்தீன் சொல்லிலிருந்துதான். அந்தப் பகுதி 14 வரிசையிலும் நூல் பிடித்த மாதிரி நின்றது. ஆனால் முன்பகுதியில் ஒரே களேபரம். வால்நட்டுக்கும் மக்கடாமியாவுக்கும் முன்னால் ஒரு நீண்ட துண்டு இருக்கிறது. அதில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம், மூன்று எழுத்து இடைவெளி விட்டு மறுபடி சிஸ்டீன் என்ற கட்டு திரும்பத் திரும்ப வருகிறது. மக்கடாமியாவில் இந்தத் துண்டு தனியாக வெட்டுண்டு பூஞ்சையை எதிர்க்கிற சின்னப் புரதமாக வேலை செய்கிறது என்று 1999-லேயே கண்டிருக்கிறார்கள். சோற்று மூட்டையைக் கட்டிய கயிறே காவலுக்கும் நிற்கிறது! அதைப் பார்த்தபோது வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சில வரிசைகளில் அந்த இடம் முழுக்க வெறும் கோடு. ஈடு சொல்ல முடியாத அந்தப் பத்திகளை, அதாவது மேலிருந்து கீழாக ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும் எழுத்துகளை, தேர்ந்தெடுத்து நீக்கினேன், நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டேன். மாணவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். மரம் வரைவதற்கு ஆகும் நேரத்தைவிட வரிசையைப் பார்ப்பதற்கு ஐந்து மடங்கு நேரம் செலவழிக்கலாம், வீண் போகாது.

அடுத்தது மாதிரியைத் தேர்ந்தெடுப்பது. ஓர் அமினோ அமிலம் இன்னொன்றாக மாறும் வாய்ப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்காது. லியூசின் ஐசோலியூசினாக மாறுவது சுலபம், டிரிப்டோஃபேன் கிளைசினாக மாறுவது அபூர்வம். இந்த வாய்ப்புகளைப் பட்டியல் போட்டு வைத்திருப்பதுதான் மாதிரி: ஜேடிடி 1992, டபிள்யூஏஜி 2001, எல்ஜி 2008. மெகா எல்லாவற்றையும் நம் வரிசையில் ஓட்டிப் பார்த்து, எது நன்றாகப் பொருந்துகிறது என்று மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துகிறது. எனக்கு டபிள்யூஏஜி, காமா பரவலோடு (இடத்துக்கு இடம் மாறும் வேகம் வேறுபடலாம் என்பதைக் கணக்கில் எடுப்பது), முதலில் வந்தது.

மரம் வரைய மேக்ஸிமம் லைக்லிஹுட், அதாவது எந்த மரம் இருந்தால் இந்த வரிசைகள் வர அதிக வாய்ப்பு என்று தேடும் முறை. அதன்மேல், கிளைகளை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்கப் பூட்ஸ்ட்ராப். பூட்ஸ்ட்ராப்பை வகுப்பில் நான் இப்படிச் சொல்வேன். வரிசையில் உள்ள ஒவ்வொரு பத்தியையும் ஒரு சீட்டில் எழுதிக் குடத்தில் போடுங்கள். ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டு திரும்பக் குடத்திலேயே போட்டுவிடுங்கள். எத்தனை பத்தியோ அத்தனை முறை எடுங்கள். சில பத்தி இரண்டு மூன்று முறை வரும், சில பத்தி வராமலே போகும். அப்படிக் கிடைத்ததை வைத்து ஒரு மரம் வரையுங்கள். இதையே நூற்றுக்கணக்கான முறை செய்து, 'முந்திரியும் பிஸ்தாவும் சேர்ந்தே இருக்கின்றன' என்று 100-க்கு எத்தனை மரம் சொல்கிறது என்று எண்ணுங்கள். ஃபெல்சன்ஸ்டைன் 1985-ல் சொன்ன வழி இது. எத்தனை முறை குலுக்குவது என்று முன்பெல்லாம் நாமே ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும், 500 அல்லது 1000. 12-ஆம் பதிப்பில், போதும் என்ற நிலை வந்ததும் தானாக நிறுத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. வீண் கணக்கும் மின்சாரமும் மிச்சம். பழைய லேப்டாப்பில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. நான் டீ போட்டு எடுத்து வருவதற்குள் மரம் திரையில் நின்றது.

அம்மாவின் கேள்விக்கு விடை அங்கே இருந்தது. முந்திரியின் அனா ஓ 1-ம் பிஸ்தாவின் பிஸ் வி 3-ம் ஒரே கவையில் இரண்டு குச்சி மாதிரி ஒட்டி நின்றன. பூட்ஸ்ட்ராப் 100. இரண்டுக்கும் எழுத்துக்கு எழுத்து ஏறக்குறைய 80 சதவீதம் ஒற்றுமை. முந்திரி பிரேசில் பக்கத்து மரம், போர்த்துக்கீசியர்கள் கொண்டுவந்து நம் மண்ணில் விட்டது. பிஸ்தா மேற்கு, நடு ஆசியாவின் வறண்ட நிலத்து மரம். இடையில் கடல் இருக்கிறது. இருந்தும் புரதத்தின் எழுத்தில் அவ்வளவு நெருக்கம். ஒன்றுக்கு எதிராகப் பழகிய குழந்தையின் உடம்பு, மற்றதைப் பார்த்தும் அதே ஆள் என்று நினைப்பதில் வியப்பில்லை. அதே மாதிரி வால்நட்டும் பெக்கானும் இன்னொரு கவை, இன்னும் நெருக்கம். ஒவ்வாமை மருத்துவர்கள் முந்திரி-பிஸ்தா, வால்நட்-பெக்கான் என்று எப்போதும் ஜோடியாகவே பேசுவதன் காரணம் இந்த இரண்டு கவைகளில் தெரிகிறது. மல்லாட்டை சோயாவோடு சேர்ந்து தனியே நின்றது. அது அவரை, துவரை குலத்துச் செடி, மண்ணுக்கடியில் காய்ப்பது. கொட்டை என்று நாம் கூப்பிடுகிறோம் என்பதால் மரக்கொட்டைகளுக்குச் சொந்தமாகிவிடாது.

உள்ளே தள்ளிப் பெரிய கிளைகளுக்குப் போனால் நிலைமை வேறு. அங்கே பூட்ஸ்ட்ராப் 50-ஐக்கூடத் தொடவில்லை. மொத்தத் தாவரத் தரவுகளையும் வைத்துப் போட்ட வகைப்பாட்டில், வால்நட் இருக்கும் பெரும்பிரிவு மல்லாட்டை இருக்கும் பெரும்பிரிவுக்குத்தான் நெருக்கம், முந்திரியின் பெரும்பிரிவு சற்றுத் தள்ளி, ஆரஞ்சு, வேம்பு இவற்றோடு இருக்கிறது. இதை என் 14 வரிசை மரம் உறுதியாகச் சொல்லவில்லை. 400 சொச்சம் எழுத்தில் அவ்வளவு பழைய கதை பதிந்திருக்காது. இந்த எண்களை மறைக்காமல், கிளை பிரியும் ஒவ்வொரு கணுவிலும் எழுதிக் காட்டுகிறது மெகா, அதுதான் வேண்டும். 50-க்குக் கீழே உள்ள கணுக்களைச் சுருக்கிவிடும் பொத்தானும் இருக்கிறது. தயவுசெய்து பயன்படுத்துங்கள். ஆதாரம் இல்லாத கிளையை அழகுக்காக விட்டுவைத்தால், பார்ப்பவர் அதையும் உண்மை என்றே எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது நாள் 11எஸ் வரிசைகளையும் சேர்த்தேன். மரபணுக் குடும்பம் என்றால் என்ன என்று எனக்கே அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது என்று சொல்லலாம். பல வருஷமாக நடத்துகிறேன், ஆனால் படமாகப் பார்ப்பது தனி. முந்திரியின் 7எஸ்-ம் முந்திரியின் 11எஸ்-ம் பக்கத்தில் பக்கத்தில் வரும் என்று ஒரு மாணவி நினைத்தாள். வரவில்லை. 7எஸ் எல்லாம் ஒரு பக்கம், 11எஸ் எல்லாம் ஒரு பக்கம். முந்திரியின் 7எஸ்-க்கு வால்நட்டின் 7எஸ் நெருக்கம், தன் பருப்பிலேயே கூடவே கிடக்கும் முந்திரி 11எஸ் வெகு தூரம்.

எங்கள் ஊர்க் கணக்கில் இதைச் சொன்னால் உடனே புரிந்துவிடும். ஒரே தெருவில் பெரியவர் வகையறா, சின்னவர் வகையறா என்று இருப்பார்கள். கொள்ளுத்தாத்தாவுக்கும் முந்தி எப்போதோ பிரிந்த அண்ணன் தம்பி வழி. பிழைக்கப் போன ஒவ்வோர் ஊரிலும் இரண்டு வகையறாவிலிருந்தும் ஆட்கள் குடியேறியிருப்பார்கள். பண்ருட்டிப் பெரியவர் வகையறாவுக்கு, நெய்வேலிக்குப் போன பெரியவர் வகையறா நெருங்கிய பங்காளி. எதிர்வீட்டில் இருந்தாலும் சின்னவர் வகையறா தூரத்துப் பங்காளிதான். 7எஸ்-ம் 11எஸ்-ம் அப்படிப் பிரிந்த அண்ணன் தம்பி. பூக்கும் தாவரங்கள் வருவதற்கு முன்பே பிரிந்துவிட்டார்கள், ஏனென்றால் பூக்காத ஊசியிலை மரங்களின் விதையிலும் இரண்டு வகையறாவும் இருக்கின்றன. மரங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தபோது இரண்டு வகையறாவும் கூடவே போயிருக்கின்றன.

ஆகவே நட்ஸ் மரங்களின் உறவைப் பார்க்கிறேன் என்று ஒரு மரத்திலிருந்து 7எஸ், இன்னொரு மரத்திலிருந்து 11எஸ் எடுத்து ஒப்பிட்டால் கிடைப்பது மரங்களின் உறவு இல்லை, வகையறாக்களின் பிரிவு. இந்தத் தப்பு மாணவர்களின் ஆய்வேடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது. மெகாவில் 7-ஆம் பதிப்பிலிருந்து இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. மரத்தின் எந்தக் கணுவில் மரபணு இரட்டித்தது, எந்தக் கணுவில் இனம் பிரிந்தது என்று குறி வைத்துக் கொடுக்கும். எந்த வரிசை எந்தச் செடியுடையது என்று நாம் சொல்லிக் கொடுத்தால் போதும். வால்நட் குடும்பத்தில் இது ரொம்பவே உதவும். அந்தக் குடும்பத்தின் மூதாதையரில் முழு மரபணுத்தொகுதியுமே ஒருமுறை இரட்டித்தது. அதனால் வால்நட்டிலும் பெக்கானிலும் பல மரபணுக்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன, வால்நட்டின் ஒரு நகலுக்குத் தன் ஜோடியைவிடப் பெக்கானின் நகல் நெருக்கமாக வரும். வால்நட் மரபணுத்தொகுதி 2016-லும் பெக்கான், பிஸ்தா இரண்டும் 2019-லும் வெளியானதால் இப்போது இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே பார்க்க முடிகிறது.

இரண்டு வகையறாவையும் சேர்த்து வரைவதில் இன்னொரு நன்மை உண்டு. மரத்துக்கு வேர் எங்கே என்ற சிக்கல் தீர்ந்துவிடும். 7எஸ்-க்கு 11எஸ் வெளியாள், 11எஸ்-க்கு 7எஸ் வெளியாள். நடுவிலிருக்கும் நீண்ட கிளையில் வலது சொடுக்குப் போட்டு வேரை வைத்தேன், இரண்டு பக்கமும் ஒழுங்காக விரிந்தது.

இப்போது மெகாவின் ஓர் ஓரத்தில் இருக்கும், பலரும் திறந்தே பார்க்காத ஒரு பொத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேப்ஷன் என்று இருக்கும். அதை அழுத்தினால் நாம் என்ன முறை போட்டோம், என்ன மாதிரி, எத்தனை வரிசை, கடைசியில் எத்தனை பத்தி கணக்கில் எடுக்கப்பட்டது என்று முழு வாக்கியமாக எழுதிக் கொடுக்கும். என்னை அதுதான் காப்பாற்றியது. 11எஸ் சேர்த்தபோது பிஸ்தாவின் ஒரு அரைகுறைத் துண்டு வரிசையையும் கவனிக்காமல் சேர்த்துவிட்டேன். இடைவெளி உள்ள பத்திகளை முழுவதும் நீக்கு என்ற தேர்வும் போட்டிருந்தேன். மரம் வந்தது, பார்க்க ஒழுங்காகவே இருந்தது. கேப்ஷனைப் படித்தால் கடைசிக் கணக்கில் 118 பத்திதான். 400-க்கு மேல் இருக்க வேண்டிய இடம்! துண்டு வரிசையில் எழுத்து இல்லாத இடமெல்லாம் மற்ற எல்லாருக்கும் அறுக்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டியதும் பல கணுக்களில் பூட்ஸ்ட்ராப் ஏறியது. படத்தை மட்டும் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

எல்லாமே சுலபமாக இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் ஏற்கெனவே ஒரு தேர்வு நிரப்பப்பட்டிருக்கும், ஓகே ஓகே என்று அழுத்திக்கொண்டே போனாலும் கடைசியில் ஒரு மரம் வந்துவிடும். எதைக் கொடுத்தாலும் மரம் வரும், உறவே இல்லாத வரிசைகளைக் கொடுத்தாலும் வரும். அதனால் முதல் வகுப்பிலேயே என் மாணவர்களை அந்தத் தேர்வுப் பெட்டியில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று எழுதித்தரச் சொல்கிறேன். இரண்டு பக்கம் வருகிறது. ஒரு முறை எழுதியவர்கள் பிறகு குருட்டாம்போக்கில் அழுத்துவதில்லை.

2எஸ் குடும்பத்தை அடுக்கியபோது, இப்படி நிறுத்திப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது. இவை 140 எழுத்துச் சுமாரான குட்டிப் புரதங்கள், கியூபின் குலமும் இல்லை. எட்டு சிஸ்டீன் நிற்கும் இடம் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்று, மற்ற எழுத்தெல்லாம் வேகமாக மாறியிருக்கிறது. தானாக அடுக்க விட்டால் சிஸ்டீன் பத்திகளே சில இடத்தில் கலைந்தன. கையால் இழுத்து நேர்ப்படுத்தினேன். அப்படியும் முந்திரி-பிஸ்தா, வால்நட்-பெக்கான் இரண்டு ஜோடியும் உறுதியாக நின்றன, மற்றதெல்லாம் ஆட்டம். அளவில் சின்னது என்று இந்தக் குடும்பத்தை ஒதுக்கக் கூடாது. பிரேசில் நட்டின் 2எஸ் புரதத்தில் மெத்தியோனின் என்ற, உடம்புக்கு அவசியமான அமினோ அமிலம் அதிகம் என்று அதன் மரபணுவைச் சோயாவில் வைத்தார்கள். பிரேசில் நட் ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தம் அந்தச் சோயாவைப் பார்த்தும் வினைபுரிகிறது என்று 1996-ல் வெளியான ஆய்வு காட்டியது, அந்தச் சோயா சந்தைக்கு வரவே இல்லை. ஒரு மரபணு இடம் மாறினால் ஒவ்வாமையும் கூடவே இடம் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எதற்கு மெகா வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மரபணுத்தொகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான வரிசைகளை அள்ளி வைத்திருக்கிறீர்கள் என்றால் ஐக்யூ-ட்ரீ பக்கம் போங்கள், வேகத்துக்கென்றே கட்டியது அது. கருப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தயங்கக் கூடாது, அவ்வளவுதான். பேயீசியன் முறை வேண்டுமென்றால் மிஸ்டர்பேஸ் இருக்கிறது, மெகாவில் அது இல்லை. நிறைய வரிசை அடுக்க மாஃப்ட் நல்லது. மரத்துக்கு வண்ணம் பூசி அலங்கரிக்க ஐடால் தளம். இவை எல்லாவற்றுக்கும் மெகாவிலிருந்து மரத்தை நியூவிக் வடிவத்தில் ஏற்றுமதி செய்துகொள்ளலாம். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக உறவை எழுதும் அந்த வடிவத்துக்குப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1986-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் நியூவிக்ஸ் என்ற கடலுணவு உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அதை முடிவு செய்தார்கள். 50, 60 வரிசைவரை, ஒரு மரபணுக் குடும்பத்தை நிதானமாகப் புரிந்துகொள்ள, கற்றுக்கொடுக்க, எனக்கு மெகாதான். மதிப்பெண் கேட்டால் 5-க்கு 4.5 தருவேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது 7எஸ் மரத்தை ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். பெயர்களைத் தமிழில் கையால் எழுதியிருந்தேன். திண்ணையில் விரித்து வைத்ததும் அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முந்திரியில் விரலை வைத்து, கிளை வழியே பின்னால் போய், கவையில் திரும்பிப் பிஸ்தாவுக்கு வந்தாள். இரண்டே அங்குலம். அப்புறம் மறுபடி முந்திரியிலிருந்து கிளம்பி, பின்னால், இன்னும் பின்னால், தாளின் இடது ஓரம்வரை போய், அங்கிருந்து கீழே இறங்கி மல்லாட்டைக்கு வந்து சேர்ந்தாள்.

"இவ்ளோ தூரமா?" என்றாள். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். "அப்ப மாங்கா? நீ அன்னிக்கே சொன்னியே, மாவும் முந்திரி வகையறான்னு. புள்ள மாம்பழம்னா உசுர வுடுவான். நானே ஊட்டியிருக்கேன்."

மாம்பழச் சதை வேறு, விதை வேறு என்றேன். நான் வரைந்த புரதமெல்லாம் விதைக்குள் கட்டி வைத்த சோறு. பழத்தில் நாம் தின்பது சதையை, அதில் இந்தச் சேமிப்புப் புரதம் இல்லை. முந்திரி ஆகாத பிள்ளைகள் பெரும்பாலும் மாம்பழம் சாப்பிடுகிறார்கள். டாக்டரிடமும் கேட்டுவிட்டோம், சாப்பிடலாம் என்றுதான் சொன்னார். மாங்கொட்டைப் பருப்பை மட்டும் கொடுக்க வேண்டாம், காம்புப் பால் உதட்டில் படாமல் தோலைச் சீவிக் கொடு என்றேன்.

அம்மா எழுந்து உள்ளே போனாள். வைக்கோலில் பழுக்கப் போட்டிருந்ததிலிருந்து நாலு பழத்தை முகர்ந்து முகர்ந்து எடுத்து, தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பையில் வைத்தாள்.